கொள்ளு வேரின் பிசினும் குடுவைக் கணக்கும்

பயறுச் செடியை வேரோடு பிடுங்கி, வேர்முடிச்சை நசுக்கி, அதில் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துக் குடுவையில் வளர்க்கிறார்கள். எந்தச் சர்க்கரையைக் கொடுத்தால், எந்த நைட்ரஜன் உப்பைக் கொடுத்தால் அது அதிகப் பிசினைச் சுரக்கிறது என்று பட்டியல் போடுகிறார்கள். இந்திய நுண்ணுயிரியல் துறைகளில் நெடுங்காலமாக நடந்துவரும் ஆய்வு வகை இது. பர்த்துவான் பல்கலைக்கழகத்தில் பி.எஸ். பாசுவின் குழு துவரை வேர்முடிச்சு ரைசோபியத்தைக் கொண்டு செய்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. அதே குழு மரப்பயிர்களின் முடிச்சுகளையும் பின்னர் எடுத்துக்கொண்டது. குண்டூர் அருகே உள்ள ஆச்சார்ய நாகார்ஜுனா பல்கலைக்கழகத்திலும் இத்தகைய வேலை நடந்தது. முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகள் இவற்றின் வழித்தடத்திலேயே பெருகின. இந்த வகை ஆய்வுரைகள் பெரும்பாலும் ஒரே நம்பிக்கையோடு முடிகின்றன: இந்தப் பிசின் வறட்சியைத் தாங்க உதவும், மண்ணைக் கட்டும், உயிர் உரத்தை மேம்படுத்தும், தொழிலுக்கும் பயன்படும்.

அந்த நம்பிக்கை தருமபுரி போன்ற வறண்ட மாவட்டத்துக்காகவே சொல்லப்படுவது. எனவே அதைத் தருமபுரியில் நின்று எடைபோடுவதுதான் முறை.

ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர், அதுவும் விட்டுவிட்டுப் பெய்யும். சாகுபடியில் பெரும்பகுதி மானாவாரி. பென்னாகரம் பக்கத்து மேட்டுக் கொல்லைகளில் சாமையும் கொள்ளும். கேழ்வரகுக்கு நடுவே சால் விட்டு அவரையும் துவரையும். செம்மண் கண்ட இடமெல்லாம் நிலக்கடலை. கடைசி மழையை நம்பி விதைக்கிற கொள்ளுக்கு யாரும் உரம் வைப்பதில்லை. வைக்கக் கட்டுபடியாகாது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்கித் தரும் பாக்டீரியா ஒன்றே அந்தப் பயிருக்குக் கிடைக்கும் உரம். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் எல்லைக்கு அப்பால் போயிற்று. ஆனால் அங்கே உருவான பையூர் 1, பையூர் 2 கொள்ளு ரகங்கள் இந்தப் பக்கத்து மண்ணை மனத்தில் வைத்து வந்தவைதான். ரகத்துக்குக் கொடுத்த கவனத்தை அதன் வேரில் வாழும் உயிருக்கும் கொடுக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். அந்தக் கவனம் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதில்தான் எனக்கு மாறுபாடு.

பிசின் என்று இங்கே நான் சொல்வது பாக்டீரியா தன் செல்லுக்கு வெளியே சுரக்கும் பாலிசாக்கரைடை. சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த நீண்ட இழை. மானிட்டால், ஈஸ்ட் சாறு, காங்கோ சிவப்புச் சாயம் சேர்த்த அகார் தட்டில் ரைசோபியம் வளர்ந்தால் சாயத்தை அதிகம் ஏற்காமல் வெளுப்பாக, பளபளப்பாக, கம்பி போட்டுத் தொட்டால் நூல் இழுக்கும்படி நிற்கும். அந்த நூல்தான் பிசின். அது வெறும் கழிவு அல்ல என்பதற்கு அசைக்க முடியாத சான்று 1985இல் வந்தது. குதிரைமசாலில் முடிச்சிடும் பாக்டீரியாவில் பிசின் சுரக்கும் மரபணுக்களைக் கெடுத்துப் பார்த்தார்கள் ஜான் லே, ஈத்தன் சைனர், கிரஹாம் வாக்கர் மூவரும். வேரில் முடிச்சு வந்தது, உள்ளே பாக்டீரியா போகவில்லை. வெற்று முடிச்சு, ஒரு துளி நைட்ரஜனும் இல்லை. முப்பது ஆண்டு கழித்து, 2015இல், லோட்டஸ் என்ற பயறுக் குடும்பச் செடியில் இந்தப் பிசினை அடையாளம் காணும் ஏற்பியையே கண்டுபிடித்தார்கள். செடி பாக்டீரியாவின் பிசினைப் பரிசோதித்த பிறகே கதவைத் திறக்கிறது. ஆகவே பிசினை ஆராய்வது வீண் என்று சொல்ல எவருக்கும் இடமில்லை.

சத்துக்கும் பிசினுக்கும் உள்ள உறவில் ஒரு பொது விதி நன்றாக நிலைநாட்டப்பட்டது. கார்பன் தாராளமாகவும் நைட்ரஜன் பற்றாக்குறையாகவும் இருந்தால் பிசின் கூடும். காரணம் எளிது. புரதம் கட்டவும் மரபுப்பொருளை இரட்டிக்கவும் நைட்ரஜன் வேண்டும். அது தீர்ந்ததும் செல் பெருக்கம் நிற்கிறது. சர்க்கரை மட்டும் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. அதைப் பாக்டீரியா இரண்டு வழியில் தள்ளுகிறது: உள்ளே கொழுப்பு போன்ற பிஎச்பி உருண்டைகளாகச் சேமிக்கிறது, வெளியே பிசினாகச் சுரக்கிறது. ரைசோபியத்தின் நெருங்கிய உறவினரான அக்ரோபாக்டீரியத்திலிருந்து கர்ட்லான் என்ற உணவுப் பொருள் எடுக்கும் ஆலைகள் இந்த விதியின் மேல்தான் நிற்கின்றன. முதலில் செல்லை வளர்த்து, பிறகு நைட்ரஜனை நிறுத்திப் பாலிசாக்கரைடை வாங்குகிறார்கள். இவ்வளவையும் நான் தயங்காமல் ஏற்கிறேன்.

தடுமாற்றம் தரவரிசையில் தொடங்குகிறது. பொட்டாசியம் நைட்ரேட் முதலிடம், அம்மோனியம் சல்பேட் இரண்டாமிடம், யூரியா கடைசி என்று ஒரு பட்டியல் சொல்கிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு கொடுத்தார்கள்? பல ஆய்வேடுகளில் விடை ஒன்றே: 0.1 சதவீதம், அதாவது லிட்டருக்கு ஒரு கிராம். எடை சமம். நைட்ரஜன் சமமா? ஒரு கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டில் நைட்ரஜன் ஏறக்குறைய 139 மில்லிகிராம். அம்மோனியம் சல்பேட்டில் 212. யூரியாவில் 466. குளுட்டாமிக் அமிலத்தில் 95தான். லிட்டருக்குப் பத்து கிராம் மானிட்டாலும் அரை கிராம் ஈஸ்ட் சாறும் உள்ள ஊடகத்தில் இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஈஸ்ட் சாற்றில் பத்தில் ஒரு பங்கு நைட்ரஜன் என்று கொண்டு, கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் குளுட்டாமிக் அமிலக் குடுவையில் 31 அளவிலும், நைட்ரேட் குடுவையில் 22 அளவிலும், யூரியா குடுவையில் 8 அளவிலும் வருகிறது. மேலே சொன்ன பொது விதி ஒன்றே இந்த வரிசையை முழுவதுமாக விளக்கிவிடும். யூரியா பிசினுக்கு ஒவ்வாதது என்று இந்தப் பட்டியல் காட்டவில்லை. நைட்ரஜன் கூடினால் பிசின் குறையும் என்ற பழைய விதியையே வேறு பெயரில் மறுபடி அளந்திருக்கிறது. அதோடு அம்மோனிய உப்பை உண்ணும்போது ஊடகம் புளிக்கிறது, நைட்ரேட்டை உண்ணும்போது காரமாகிறது. அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்தாத குடுவையில் உப்பின் குணம் எது, புளிப்பின் விளைவு எது என்று பிரிக்கவே முடியாது.

சர்க்கரைப் பட்டியலில் உள்ள கோளாறு இன்னும் நுட்பமானது, அதனாலேயே அதிகம் கண்ணில் படாதது. பிசினை அளக்க வழக்கமான வழி, செல்களைச் சுழற்றிப் பிரித்துவிட்டு, மேல்நீரில் குளிர்ந்த ஆல்கஹாலோ அசிட்டோனோ ஊற்றிப் படியவைத்து, ஃபீனால்-கந்தக அமில முறையிலோ ஆந்த்ரோன் முறையிலோ நிறமேற்றிப் பார்ப்பது. 1956இல் டுபுவா குழு வெளியிட்ட ஃபீனால் முறை இன்றும் பல ஆய்வகங்களில் ஓடுகிறது. அந்த நிறம் சர்க்கரை எதுவாக இருந்தாலும் வரும். பாக்டீரியா உண்ணாமல் விட்ட சுக்ரோஸ் படிவில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் பிசின் கணக்கில் ஏறிவிடும். மானிட்டாலோ சர்க்கரை ஆல்கஹால். அதற்கு இந்த நிறம் வராது. ஆகவே படிவை மென்தோல் பையிலிட்டு நீரில் ஊறவைத்துச் சிறு மூலக்கூறுகளை வெளியேற்றாத ஓர் ஆய்வில், சுக்ரோஸ் குடுவைக்கு இல்லாத பிசின் கிடைக்கும், மானிட்டால் குடுவைக்குக் கிடைக்காது. அப்படிப்பட்ட ஆய்வில் மானிட்டால் வென்றிருந்தால் நான் நம்புவேன். சுக்ரோஸ் வென்றிருந்தால் மென்தோல் பை பயன்பட்டதா என்று முதலில் செய்முறைப் பகுதியைப் புரட்டுவேன்.

அளவைச் சொல்லும் முறையிலும் ஒரு தெளிவின்மை உண்டு. லிட்டருக்கு இத்தனை கிராம் பிசின் என்றால் செல் அதிகமா, ஒவ்வொரு செல்லும் அதிகம் சுரந்ததா? செல்லின் உலர் எடைக்கு இத்தனை என்று சொல்லாத எண்ணை வைத்துச் சத்தின் தாக்கத்தைப் பேச முடியாது.

இப்போது தருமபுரியின் பயிர்களுக்கு வருவோம். இந்த ஆய்வுகளின் பின்னணி அறிவு பெரும்பாலும் குதிரைமசால், பட்டாணி, குளோவர் ஆகியவற்றின் பாக்டீரியாக்களிலிருந்து வந்தது. அவை வேகமாக வளர்பவை. இரண்டு மூன்று நாளில் தட்டில் காலனி வந்துவிடும், சுக்ரோஸ் உட்பட எதையும் உண்ணும். கொள்ளு, அவரை, தட்டைப்பயறு, நிலக்கடலை ஆகியவற்றில் முடிச்சிடுபவை பெரும்பாலும் பிராடிரைசோபியம் என்ற மெதுவாக வளரும் இனம். துவரையில் இரண்டும் உண்டு. மெதுவாக வளர்பவை பொதுவாக சுக்ரோஸ், மால்டோஸ், லாக்டோஸ் போன்ற இரட்டைச் சர்க்கரைகளைத் தொடுவதில்லை. 1932இல் ஃபிரெட், பால்ட்வின், மெக்காய் எழுதிய பெருநூலின் காலத்திலிருந்தே இந்த வேறுபாடு பேசப்பட்டுவருகிறது. இது தெரிந்தால் ஒரு கவர்ச்சியான யோசனை உடனே ஆட்டம் காண்கிறது. தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உண்டு. குச்சிக்கிழங்கு விளைகிறது, ஜவ்வரிசி ஆலைகளின் மாவுக் கழிவும் கிடைக்கும். விலையுயர்ந்த மானிட்டாலுக்குப் பதில் மொலாசஸையோ மாவுக் கழிவையோ கொடுத்து ரைசோபியம் வளர்க்கலாமே என்று தோன்றுவது இயல்பு. மொலாசஸிலுள்ள சர்க்கரையில் பெரும்பகுதி சுக்ரோஸ். கொள்ளுப் பாக்டீரியா அதை உண்ணாது. அதில் உள்ள குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் மட்டும் எடுத்துக்கொள்ளும். அமிலத்தாலோ நொதியாலோ முதலில் உடைத்துக் கொடுத்தால் வேறு கதை. மாவுக் கழிவின் ஸ்டார்ச்சையும் பெரும்பாலான ரைசோபியங்கள் தாமாக உடைக்காது. ‘உள்ளூர்க் கழிவில் உயிர் உரம்’ என்ற தலைப்பு திட்ட அறிக்கையில் அழகாக இருக்கும். வளர்ப்பது எந்த இனம் என்று கேட்காமல் எழுதினால் அது தொட்டியில் வளராது.

பிசின் அதிகமானால் வறட்சி தாங்கும் என்பதுதான் இந்த மாவட்டத்துக்கு மிக முக்கியமான வாக்குறுதி. அதற்குச் சார்பான சான்று உண்டு, அதை மறைக்கக்கூடாது. 1992இல் ராபர்சனும் ஃபயர்ஸ்டோனும் மணலில் வளர்ந்த சூடோமோனாஸ் பாக்டீரியா, காயக் காய அதிகப் பிசின் சுரப்பதையும், அந்தப் பிசின் நீரைப் பிடித்துவைப்பதையும் காட்டினார்கள். 2000இல் அலாமி குழு, சூரியகாந்தி வேரிலிருந்து எடுத்த, பிசின் மிகுந்த ஒரு ரைசோபியத்தை விதையோடு சேர்த்துக் கொடுத்தபோது வேரைச் சுற்றி ஒட்டும் மண் கூடியது. நீர்ப் பற்றாக்குறையிலும் செடி மேலாக வளர்ந்தது. மண்ணில் வைத்துச் செய்த ஆய்வு என்பதால் குடுவைப் பட்டியல்கள் பலவற்றையும்விட எனக்கு இது ஒன்று மதிப்பு மிக்கது.

ஆனால் எதிர்ச் சான்று வலுவானது. 1977இல் ஆஸ்திரேலியாவில் புஷ்பியும் மார்ஷலும் மண்ணைக் காயவைத்துப் பார்த்தபோது, வேகமாக வளரும் ரைசோபியங்கள் அதிகம் மடிந்தன, மெதுவாக வளர்பவை தாக்குப்பிடித்தன. பிசின் மிகுதிக்குப் பெயர்போனவை முதல் வகையினரே. பிசின் ஒன்றே கவசம் என்றால் விடை தலைகீழாக வந்திருக்க வேண்டும். செல் தனக்குள் எவ்வளவு நீரை வைத்துக்கொள்கிறது என்பதும் சுற்றியுள்ள களிமண்ணின் தன்மையும் அங்கே முடிவைத் தீர்மானித்தன. பிசின் உதவவே உதவாது என்று இதைக்கொண்டு சொல்ல மாட்டேன். ஒரே இனத்துக்குள் பிசின் குறைந்த திரிபுகள் எளிதில் காய்ந்து சாவதைக் காட்டும் ஆய்வுகளும் உள்ளன. இனத்துக்கு இனம் ஒப்பிடும்போது பிசின் அளவை மட்டும் பார்த்து வறட்சி தாங்கும் திறனைக் கணிக்க முடியாது என்பதே என் தீர்மானம். அந்தக் கணிப்புத்தான் பட்டியல் ஆய்வுகளின் முடிவுரையில் வழக்கமாக வருவது.

செடிக்குள் நுழையும் வழியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். குதிரைமசாலில் பாக்டீரியா வேர்மயிர் சுருண்டு, உள்ளே நீளும் தொற்றிழை வழியாகப் போகிறது. பிசின் அங்கே கட்டாயம். நிலக்கடலையில் தொற்றிழையே கிடையாது. பக்கவேர் கிளம்பும் இடத்தில் ஏற்படும் வெடிப்பு வழியாகப் பாக்டீரியா நுழைகிறது. 1985 கண்டுபிடிப்பை அப்படியே நிலக்கடலைக்குப் பொருத்தி, அதிகப் பிசின் அதிக முடிச்சு என்று எழுதுவது தாவலாகும். நுழைந்த பிறகும் ஒன்று உண்டு. முதிர்ந்த முடிச்சுக்குள் நைட்ரஜன் பிடிக்கும் நிலையில் பாக்டீரியா பிசின் சுரக்கும் மரபணுக்களை அணைத்துவிடுகிறது என்பது குதிரைமசால் பாக்டீரியாவில் 1991இல் தெரிந்தது. செடி அதற்குக் கொடுப்பது மானிட்டாலும் அல்ல, சுக்ரோஸும் அல்ல, மாலேட் போன்ற கரிம அமிலங்கள். குடுவையின் உணவுப்பட்டியலுக்கும் முடிச்சின் உணவுப்பட்டியலுக்கும் பொதுவானது மிகக் குறைவு.

உயிர் உரப் பொட்டலத்துக்கு வருவோம். உர (கட்டுப்பாட்டு) ஆணையில் 2006இல் உயிர் உரங்கள் சேர்க்கப்பட்டன. தூள் வடிவ ரைசோபியத்தில் கிராமுக்குக் குறைந்தது ஐந்து கோடி உயிர்ச்செல், திரவ வடிவில் மில்லிலிட்டருக்குப் பத்துக் கோடி என்பது விதி. விதி எண்ணுவது உயிரை, பிசினை அல்ல. அது சரியும்கூட. பிசினுக்குப் போன கார்பன் செல்லாக மாறாத கார்பன். பிசின் கூடினால் தொட்டிக் கரைசல் கெட்டியாகி, காற்று உள்ளே பரவாமல், காற்றை நம்பி வாழும் பாக்டீரியாவே மூச்சுத் திணறும். உழவர் ஆறிய அரிசிக் கஞ்சியில் பொட்டலத்தைக் கரைத்து விதையில் பூசி நிழலில் உலர்த்தும் அந்த அரைமணி நேரத்தில்தான் பெருஞ்சாவு நடக்கிறது. வின்சென்ட் குழு 1962இலேயே உலர்ந்து சாகும் இந்தப் பிரச்சினையை ஆராய்ந்திருக்கிறது. அங்கே ஓரளவு பிசின் பயன்படலாம். அப்படியானால் ஆய்வின் கேள்வி மாற வேண்டும். எந்த ஊடகத்தில் வளர்ந்த செல் விதைமேல் ஒரு நாள் கழித்தும் அதிகம் உயிரோடிருக்கிறது என்று எண்ண வேண்டும். பிசினின் கிராம் கணக்கு அந்தக் கேள்விக்கு விடை ஆகாது.

தொழிற்பயன் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கர்ட்லான் ஆலைத் தொட்டிகளில் லிட்டருக்கு 40 கிராமுக்கு மேல் கிடைக்கிறது. குடுவை ஆய்வுகளில் ரைசோபியப் பிசின் பெரும்பாலும் சில கிராமைத் தாண்டுவதில்லை. தனிச்சிறப்பான குணம் ஒன்றை நிரூபிக்காமல் இந்தப் பிசினை உணவுக்கோ மருந்துக்கோ என்று எழுதுவது வழக்கமாகிப்போன அலங்காரம்.

இந்த ஆய்வு வகையின்மேல் என் பெரிய குறை ஒரு விடுபடலைப் பற்றியது. சத்து என்று வரும்போது கார்பனையும் நைட்ரஜனையும் மாற்றிமாற்றிப் பார்க்கிறார்கள். மணிச்சத்தை (பாஸ்பரஸை) தொடுவதே அரிது. வழக்கமான ஊடகத்தில் லிட்டருக்கு அரை கிராம் டைபொட்டாசியம் பாஸ்பேட் உண்டு. அது ஏறத்தாழ 2.9 மில்லிமோலார். மண்நீரில் பாஸ்பேட் இருப்பதோ பொதுவாக மைக்ரோமோலார் கணக்கில், அதாவது சில நூறு மடங்கு குறைவாக. இரும்பும் அலுமினியமும் மிகுந்த செம்மண்ணில் அது இன்னும் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். இங்கே பிசினின் அளவோடு வகையே மாறுகிறது. குதிரைமசால் பாக்டீரியா பாஸ்பேட் தாராளமாக இருக்கும்போது சுரப்பது சக்சினோகிளைகன். ஏழு குளுக்கோஸுக்கு ஒரு கேலக்டோஸ் என்ற எட்டு அலகுக் கட்டமைப்பு அது. பாஸ்பேட் குறைந்ததும் குளுக்கோஸும் கேலக்டோஸும் சரிபாதியாக உள்ள வேறொரு பிசினுக்கு மாறிவிடுகிறது. இதையும் 1991இலேயே காட்டிவிட்டார்கள். நம் வெந்தயத்தில் முடிச்சிடுவதும் இந்தப் பாக்டீரியாவே. அப்படியானால் பாஸ்பேட் ததும்பும் குடுவையில் அளந்த பிசின், செம்மண்ணில் சுரக்கும் பிசின்தானா என்ற ஐயம் ஒவ்வொரு பட்டியலின் மேலும் நிற்கிறது.

ஆக என் முடிவு இது. கார்பன் மிகுந்து நைட்ரஜன் குறைந்தால் பிசின் கூடும் என்பது உறுதி. அதற்கு மேலும் சான்று தேட வேண்டியதில்லை. எந்த உப்பு, எந்தச் சர்க்கரை சிறந்தது என்ற தரவரிசைகளை, நைட்ரஜனைச் சமப்படுத்தி, அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்தி, மிச்சச் சர்க்கரையை நீக்கி, செல் எடைக்குக் கணக்கிட்டிருந்தால் ஒழிய ஏற்கக்கூடாது. தருமபுரி உழவருக்குப் பயன் என்ற வாக்குறுதி இன்றைய நிலையில் நிரூபிக்கப்படாதது.

நிரூபிக்க முடியாதது என்று நான் சொல்லவில்லை. பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, மாவட்டத்தில் நுண்ணுயிரியல் கற்பிக்கும் கல்லூரிகள் இருக்கின்றன, பென்னாகரத்துக் கொள்ளுக் கொல்லைகள் இருக்கின்றன. அங்கிருந்தே பிராடிரைசோபியம் எடுக்கலாம். மானிட்டாலை ஒரு வரிசையிலும் மாலேட்டை ஒரு வரிசையிலும் வைத்து, பாஸ்பேட்டை வழக்கமான அளவிலும் அதில் நூறில் ஒரு பங்கிலும் கொடுத்து, எல்லாக் குடுவையிலும் நைட்ரஜனை ஒரே மில்லிகிராமில் நிறுத்தலாம். வந்த பிசினின் அளவோடு அதிலுள்ள சர்க்கரைகளின் விகிதத்தையும் பார்க்க வேண்டும். பிறகு பிசின் குறைந்த திரிபு ஒன்றையும் இயல்பான தாய் இனத்தையும் தனித்தனியே கொள்ளு விதையில் பூசி, அந்தக் கொல்லைச் செம்மண்ணையே தொட்டியில் நிரப்பி, மழை விட்டுப்போகிற நாட்களைப் போல நீரை நிறுத்தி, நாற்பத்தைந்தாம் நாளில் செடியைப் பிடுங்கி முடிச்சை எண்ண வேண்டும், உலர் எடையையும் தழையிலுள்ள நைட்ரஜனையும் அளக்க வேண்டும். திரிபு பூசிய செடியும் தாய் இனம் பூசிய செடியும் ஒரே எடையில் நின்றால் பிசின் வாக்குறுதியைக் கொள்ளின் அளவிலாவது கைவிட்டுவிடலாம். எடை வேறுபட்டால் எந்தப் பாஸ்பேட் அளவில் வளர்ந்த செல் விதைமேல் நிலைக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அதிலிருந்து பொட்டலத் தயாரிப்பு ஊடகத்தைத் திருத்தத் தொடங்கலாம்.